நான்கு முறை வந்தவர்

பிப்ரவரி 9

அக்கா,

‘அன்புள்ள’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். கோபத்தில் அடிக்கவில்லை. பதினோரு வருடம் கழித்து எழுதும் கடிதத்தில் எந்தச் சொல் பொருந்தும் என்று யோசித்துக்கொண்டே இருந்தால், முன்பு எழுதியவற்றைப் போல இதுவும் மேசை இழுப்பறையிலேயே கிடந்துவிடும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். கை பரபரக்கிறது.

இங்கே ஒரு பதிப்பாளர் என் சின்ன வயசையும் நான் எழுத வந்த கதையையும் புத்தகமாகக் கேட்டிருக்கிறார். “நாட்டைவிட்டு வந்த கதை வேண்டாம், அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முதல் வரியை எப்படி எழுதினீர்கள், அதைச் சொல்லுங்கள்” என்றார். ஜூன் முதல் தேதி அச்சுக்குப் போகிறது. நான் சலவைக் கடைக்கு மேலே ஒரே அறையில் இருக்கிறேன். கீழே இயந்திரங்கள் சுற்றினால் என் மேசையில் தேநீர்க் கோப்பை நடக்கத் தொடங்கும். பகலில் ஒரு பள்ளி நூலகத்தில் புத்தகங்களுக்கு உறை போடுகிறேன். அதற்கிடையில் பதினாறு நாளில் மூன்று அத்தியாயம் எழுதிவிட்டேன்! எனக்கே பயமாக இருக்கிறது.

முதல் அத்தியாயம் நம் பஸ் நிலையம். அப்பாவின் தொலைந்த பொருள் அலுவலகம். பள்ளி விட்டதும் நாம் இருவரும் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வது, ஈரக்குடைகளின் வாடை, கண்ணாடிப் புட்டியில் ஏழு செட் பொய்ப்பல் எல்லாம் வந்துவிட்டது. அப்பாவின் கையெழுத்து அப்பாவுக்கே புரியாது என்பதால் பதிவேட்டை நான் எழுதியதும், வருபவர்களுக்கு நீ பதில் சொன்னதும்கூட. பொருளைப் பற்றி வாசல் பலகையில் எழுதும்போது ஒரு அடையாளத்தை மட்டும் எழுதாமல் விட வேண்டும், அதைத் தானாகச் சொல்பவர்தான் சொந்தக்காரர் என்பது அப்பாவின் முறை. அந்த விட்டுப்போன அடையாளத்தை வைத்துத்தான் நான் கதை கட்ட ஆரம்பித்தேன். காலாவதியான படிவங்களின் பின்பக்கத்தில் எழுதி உனக்குப் படிப்பேன். நீ குடைகளை எண்ணிக்கொண்டே, “சரி, அவன் ஏன் திரும்பி வரலை?” என்பாய். அப்படி ஒரு கேள்வியை இன்றுவரை எந்த விமர்சகரும் என்னிடம் கேட்டதில்லை.

அப்புறம் அந்தத் தட்டச்சு இயந்திரம். எனக்குப் பதின்மூன்று வயது. கறுப்புப் பெட்டிக்குள் அது வந்து சேர்ந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொண்ணூறு நாளில் யாரும் வராவிட்டால் ஊழியர் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி. பதிவேட்டில் ‘இயந்திரங்கள்’ பக்கத்தில் எழுத வேண்டியதை ‘பெட்டிகள்’ பக்கத்தில், ‘கறுப்புப் பெட்டி ஒன்று, உள்ளே இரும்புச் சாமான்’ என்று எழுதினேனே, நினைவிருக்கிறதா? என் முதல் புனைகதை அதுதான் என்று எழுதியிருக்கிறேன். தொண்ணூறு நாளும் ஒருவரும் வரவில்லை. அது எனக்காகவே பஸ் ஏறி வந்தது. அதில் அடித்த முதல் கதை பத்திரிகையில் வந்தது. அத்தியாயம் அங்கே முடிகிறது. நன்றாக வந்திருக்கிறது அக்கா, சத்தியமாக.

எனக்கு உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. அந்த இயந்திரம் வந்தது மழைக்காலத்திலா, வெயிலிலா?

உனக்குத் தொல்லை வரக்கூடாது என்று மருந்துக்கடைக்காரர் முகவரிக்கு அனுப்புகிறேன். நீ பேப்பரில் போட்ட அறிவிப்பை வைத்திருக்கிறேன். ‘இவருக்கும் எங்கள் குடும்பத்துக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை.’ ஒரு பிழையும் இல்லாத நாலு வரி. நீதான் எழுதினாய் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் இளைத்திருக்கிறது.

பேனாமூடி

மார்ச் 2

பேனாமூடிக்கு,

நாற்பத்து நாலு வயதிலும் பேனா மூடியைக் கடிக்கிறாயா என்று தெரியவில்லை. வேறு பெயரில் கூப்பிட எனக்கு வாய் வராது.

மருந்துக்கடைக்காரர் உன் கடிதத்தை மாத்திரை உறைக்குள் வைத்து நீட்டினார். “ஒரு நாளைக்கு மூணு வேளை படிங்கம்மா” என்றார். அந்த மனிதருக்கு எப்போதும் விளையாட்டுதான். நான் அங்கேயே நின்று படித்தேன், மூன்று வேளை.

அறிவிப்பைப் பற்றி ஒரு தடவை சொல்கிறேன், இனிமேல் கேட்காதே. அப்பாவின் வேலைக்கு நான் வந்து அப்போது ஆறு வருடம். மேலதிகாரி வெள்ளைத் தாளைக் கொடுத்து, மத்தியானத்துக்குள் எழுதித் தரச் சொன்னார். அப்பா படுக்கையில். நீ புத்தகம் எழுதினாய், தடை செய்தார்கள், வழக்குப் போட்டார்கள், ஓடிப் போனாய். நான் அவருக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டிருந்தேன். இப்படி எழுத நேர்ந்த மற்ற ஊழியர்களின் வீடுகளில் அறிவிப்பைப் பிழையோடு எழுதி ஊரைச் சிரிக்க வைத்தார்கள். நான் பிழையில்லாமல் எழுதினேன். அவ்வளவுதான்.

பொய்ப்பல் ஏழு செட் இல்லை, ஐந்து. குடைகளை நான் எண்ணவில்லை, உலர்த்தினேன். எண்ணுவது உன் வேலை, நீ செய்யவே மாட்டாய்.

இயந்திரம் வந்தது வெயில் காலம்.

அதை ஒருவரும் கேட்டு வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். வந்தார்கள். ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். கோர்ட் வாசலில் ஜனங்களுக்கு மனு அடித்துக் கொடுப்பவர். நாலு முறை வந்தார். முதல் மூன்று முறையும் சாயங்காலம், அப்பா பஸ்களைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கும் நேரம். நீ பின்னறையில் எழுதிக்கொண்டிருந்தாய். கவுண்டரில் நான். ‘இயந்திரங்கள்’ பக்கத்தைத் திருப்பி, விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்து, “இல்லைங்க” என்றேன். நாலாம் முறை அப்பாவே இருந்தார். அதே பக்கத்தைப் பார்த்து அவரும் இல்லை என்றார். அவருக்குத் தெரியாது. பின்னால் பெட்டியைத் திறந்தபோதும், அந்தப் பெண்ணுடையது வேறெங்கோ கிடைத்துவிட்டது என்று அவரிடம் நான்தான் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். நீ ராத்திரி தூக்கத்தில் தலையணையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாய். அதைப் பார்த்தவள் நான்தான்.

உன் அத்தியாயம் பொய். எனக்கு முப்பத்தொரு வருடமாகத் தொண்டையில் நிற்பதை நீ பெருமையாக அச்சடிக்கப் போகிறாய் என்பதால் சொன்னேன். வெட்கப்படு.

அக்கா

மார்ச் 15

அக்கா! அக்கா!

நாலு முறை! நான் பின்னறையில்! ஒரு சுவர் தள்ளி!

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு அறைக்குள் உட்கார முடியவில்லை. இறங்கிப் போய் சலவைக் கடை பெஞ்சில், யாரோ ஒருவருடைய துணி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தேன். வெட்கப்பட்டேன். முகமெல்லாம் எரிந்தது. அப்புறம் மேலே வந்து முதல் அத்தியாயத்தை முழுசாகக் கிழித்துப் போட்டுவிட்டு, எழுத ஆரம்பித்தேன். எழுந்திருக்கும்போது பத்தொன்பது பக்கம்!

புத்தகமே இதுதான். இத்தனை நாள் நான் எழுதியதில் ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டே போனது, எல்லாம் ரொம்ப அழகாக இருந்தது. இப்போது பிடி கிடைத்துவிட்டது. நான் எழுத்தாளராக ஆனது ஒரு பொய்யில் இல்லை, இரண்டு பொய்யில். நான் எழுதினேன், நீ சொன்னாய், அப்பா கையெழுத்துப் போட்டார். பதிப்பாளரிடம் போனில் சொன்னேன். “இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?” என்றார். எனக்கே போன வாரம்தான் தெரியும் என்றேன்.

அவர் எப்படி இருப்பார்? குரல்? கையில் பை இருந்ததா? மூன்றாம் முறை உன்னைத் திட்டினாரா? எல்லாவற்றையும் எழுது, உடனே எழுது.

பேனாமூடி

மார்ச் 30

உனக்கு,

உன்னை வெட்கப்பட வைக்கச் சொன்னேன். நீ அதிலிருந்து பத்தொன்பது பக்கம் கறந்துவிட்டாய். இப்படி ஒரு பிறவியை நான் பார்த்ததில்லை.

நன்றாகக் கேட்டுக்கொள். அப்பா ஓய்வுபெற்றபோது கொடுத்த பித்தளைத் தகட்டில், ‘இருபத்தெட்டு ஆண்டுகளில் ஒரு பொருளும் தவறான கைக்குப் போனதில்லை’ என்று பொறித்திருக்கிறார்கள். அவர் அதைத் தினமும் துடைப்பார். சாகும்போது அவரிடம் இருந்தது அந்த ஒரு வரிதான். நீ அந்த வரியை எடுத்துத்தான் உன் புத்தகத்துக்கு அட்டை போடப் போகிறாய். அங்கே உனக்குக் கைதட்டுவார்கள், “என்ன நேர்மை!” என்பார்கள். இங்கே பஸ் நிலையத்தில் இன்னும் அவரைத் தெரிந்த டிரைவர்கள் இருக்கிறார்கள். நான் அதே கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ என்னைப் பற்றி எழுது, திருடி என்று எழுது, எனக்கென்ன. அப்பா வேண்டாம். அந்தப் பெண் வேண்டாம். அவரைப் பற்றி எழுத நீ யார்? அவருடைய இயந்திரத்தை எடுத்தாய், இப்போது அவருடைய கஷ்டத்தையும் எடுக்கப் பார்க்கிறாய்.

எதையும் நான் எழுதித் தர மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

‘அவருடைய கஷ்டத்தையும் எடுக்கப் பார்க்கிறாய்.’ இதைப் படித்துவிட்டு மூன்று நாள் எழுதவில்லை. எனக்கு மூன்று நாள் என்றால் உனக்குத் தெரியும்.

நீ சொன்னது சரி. அந்தப் பத்தொன்பது பக்கத்தைத் திருப்பிப் படித்தேன். எல்லாம் என்னைப் பற்றி. என் குற்ற உணர்ச்சி, என் நடுக்கம், என் விரல்கள். அந்தப் பெண் ஒரே பத்தியில் வந்து போகிறார். அதிலும் முதுகு மட்டும்.

அதனால் இப்படிச் செய்கிறேன். அவர் சம்மதிக்காமல் இந்த அத்தியாயம் வராது. ஜூன் முதல் தேதிக்குள் சம்மதம் வராவிட்டால் புத்தகத்தை நிறுத்தச் சொல்லிவிடுவேன். பழைய அத்தியாயத்தைத் திரும்பப் போட மாட்டேன், அந்தப் பொய் இனிமேல் என் கையில் எழுத வராது. பதிப்பாளர், “இரண்டாவது அத்தியாயத்திலிருந்து தொடங்கலாமே” என்கிறார். முடியாது. பதினோரு வருடத்தில் என்னிடம் ஒருவர் புத்தகம் கேட்டது இதுதான் முதல் தடவை என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

என்னால் அந்தத் தெருவில் கால் வைக்க முடியாது. உன்னால் முடியும். கோர்ட் வாசல் உன் அலுவலகத்திலிருந்து பத்து நிமிஷம். அவர் இன்னும் இருக்கிறாரா என்று மட்டும் பார். என்ன சொல்லலாம், என்ன கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. எனக்காகப் போகாதே. உன் தொண்டையில் நிற்பதற்காகப் போ.

பேனாமூடி

மே 4

பேனாமூடிக்கு,

இருக்கிறார்!

கோர்ட் வாசலில் வரிசையாக எட்டு மேசை, எட்டுக் குடை. கடைசி மேசை அவருடையது. தலை முழுக்க வெளுத்துவிட்டது, முதுகு மட்டும் கம்பி மாதிரி நேராக இருக்கிறது. நான்கு நாள் எதிர்ப்பக்கம் நடந்து போனேன், வந்தேன். ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார்.

“ஏம்மா, தினமும் பாத்துட்டுப் போறியே, மனு அடிக்கணுமா?”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆமாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

“யாருக்குப் போகணும்?”

“உங்களுக்குத்தான்.”

“எனக்கா? நான் என்ன கலெக்டரா?” என்று சிரித்துக்கொண்டே தாளைச் சுருட்டி ஏற்றினார். “சரி, சொல்லு. ‘கீழே கையொப்பமிட்ட நான்’னு போடறேன், அப்படித்தான் ஆரம்பிக்கணும்.”

சொன்னேன். கீழே கையொப்பமிட்ட நான், முப்பத்தொரு ஆண்டுகளுக்கு முன், பஸ் நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகக் கவுண்டரில் இருந்தபோது, தாங்கள் கேட்டு வந்த தட்டச்சு இயந்திரம் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தே... அங்கே அவர் விரல் நின்றுவிட்டது. நானும் நின்றுவிட்டேன்.

“நிறுத்தாதே. பாதியில விட்டா தாள் வீணாப் போகும்.”

முழுவதும் சொன்னேன். முழுவதும் அடித்தார். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்க்க, “உன் வேலையைப் பாருய்யா” என்று அதட்டினார். தாளை உருவி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரு தடவை படித்தார்.

“மெஷின் இப்ப எங்க?”

“வீட்டைச் சோதனை போட்டப்ப போலீஸ் தூக்கிட்டுப் போயிட்டாங்க.”

“அப்ப உங்களுக்கும் தொலைஞ்சு போச்சு” என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பை எனக்கு எழுதத் தெரியாது. ஒரு ஆள் மனுவுக்காக வந்தார், “அப்புறம் வா” என்று அனுப்பிவிட்டார்.

உன் பெயரைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவளா? அவ நாவலைத் தடை பண்ணினாங்களே, அப்பறம் ஊர்ல எத்தனை பேர் வந்து கேட்டாங்க தெரியுமா? வீட்ல வெச்சு, நாலு கார்பன் போட்டு, ஆறு தடவை முழுசா அடிச்சிருக்கேன். எழுபத்திரண்டாம் பக்கத்துல ஒருத்தன் ரெண்டு தடவை கதவைச் சாத்தறான், நடுவுல தொறக்கவே இல்லை. ஒண்ணை எடுத்துட்டேன். சொல்லிடு” என்றார்.

அடியே, எனக்குத் தலை சுற்றிவிட்டது! இங்கே உன் நாவலைப் படித்தவர்கள் எல்லாரும் அவர் அடித்ததைத்தான் படித்திருக்கிறார்கள்.

சம்மதத்தைக் கேட்டேன். சட்டென்று முகம் மாறிவிட்டது.

“உன் தங்கச்சி எடுத்ததை எழுதப் போறா. நல்லா எழுதுவா, எனக்குத் தெரியும், படிச்சவங்க அழுவாங்க. எடுத்தவளைப் பத்தி எல்லாரும் எழுதுவாங்கம்மா. தொலைச்சவளை யாரு கேக்கறா? அந்தத் தொண்ணூறு நாள் நான் இந்த இடத்துல மெஷின் இல்லாம உக்காந்திருந்தேன். கையால எழுதிக் குடுத்தேன். கையால எழுதின மனுவை உள்ள வாங்க மாட்டாங்க. என்கிட்ட வந்தவங்க எல்லாம் பக்கத்து மேசைக்குப் போனாங்க. மேசையை விட்டா இடம் போயிடும்னு சும்மாவே உக்காந்திருந்தேன். எழுதினா அதை எழுதச் சொல்லு. இல்லேன்னா என்னை விட்டுடச் சொல்லு.”

மனுவை என்னிடம் தரவில்லை. மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அக்கா

மே 14

அக்கா,

உன்னிடம் தொலைபேசி இருந்தால் கத்தியிருப்பேன். எழுபத்திரண்டாம் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். இரண்டு தடவை சாத்துகிறான். இத்தனை வருடம், மூன்று மொழியில், எத்தனை கண்கள் பார்த்தன! ஒருவருக்கும் தெரியவில்லை. அறைக்குள் தனியாக நின்று சிரித்தேன். பிறகு சிரிக்க முடியவில்லை.

அவர் சொன்னதையே எழுதுகிறேன். பத்தொன்பது பக்கமும் போய்விட்டது, போகட்டும். அந்த மேசையை எழுத நான்கு நாளாக முயற்சி செய்கிறேன். கோர்ட் வாசலில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்றுகூடத் தெரிகிறது. அவர் முகம் மட்டும் வரவில்லை. வராது அக்கா. எப்படி வரும்? அவர் வந்தபோதெல்லாம் நான் பின்னறையில் கற்பனை செய்துகொண்டிருந்தேன். இப்போதும் கற்பனை செய்தால், அது நான் முதலில் செய்ததையே மறுபடி செய்வது.

நேருக்கு நேர் பார்த்தவள் நீ ஒருத்திதான். அந்தப் பக்கங்களை நீ எழுத வேண்டும். என் நடையில் வேண்டாம், திருத்தவும் மாட்டேன், ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டேன். நீ எழுதியது முதலில் வரும், அதற்குப் பின்னால் நான் வருகிறேன். அப்பாவைப் பற்றி நீ என்ன எழுதுகிறாயோ அதுவே இருக்கும். எழுதக் கூடாது என்று நினைத்தால் ஒரு வரி போடு, பதிப்பாளரிடம் நிறுத்தச் சொல்லிவிடுகிறேன். இதை நான் மனக்கசப்போடு சொல்லவில்லை.

உன் பெயர் வந்தால் அங்கே உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். ‘ஒருவர் சொன்னது’ என்று போட்டுக்கொள்ளலாம்.

பேனாமூடி

மே 22

பேனாமூடிக்கு,

இதை விமானத் தபாலில் போடுகிறேன், முதல் தேதிக்குள் வந்துவிடும்.

‘ஒருவர் சொன்னது’ என்று போடாதே. ‘அக்கா சொன்னது’ என்று போடு. அந்த நாலு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன், இதற்குக் கீழே போடாமல் இருப்பேனா? மேலதிகாரி கேட்டால் பதில் வைத்திருக்கிறேன். மருந்துக்கடைக்காரர், “இதுக்கு மாத்திரை கிடையாதும்மா” என்றார். வேண்டாம் என்றேன்.

நேற்று இதைக் கோர்ட் வாசலுக்கு எடுத்துப் போய் அந்த அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “சரி, அனுப்பு” என்றார்.

அக்கா சொன்னது:

முதல் நாள் அவர் வந்தபோது மணி நாலேகால். நீலப் புடவை, ஒரு கையில் டைப்ரைட்டர் ரிப்பனின் மை. ஓடி வந்திருந்ததால் மூச்சு வாங்கியது. நான் இல்லை என்றதும், “பொண்ணே, நல்லாப் பாத்தியா?” என்றார். நல்லாப் பார்த்தேன் என்றேன். பத்து நாள் கழித்து வந்தார், ஓடி வரவில்லை. மூன்றாம் முறை, நான் பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே, “இருக்காதுல்ல?” என்றார். அதற்குத் தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. மூன்று முறையும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நாலாம் முறை அப்பா இருந்தார். அவர் போன பிறகும் அப்பா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “பாவம், பொழைப்பாச்சே” என்றார். வேறு மூன்று டிப்போக்களுக்குத் தன் கையாலேயே விசாரித்துக் கடிதம் எழுதினார். யாருக்கும் புரியாதே என்று என்னிடம் கொடுத்துப் படியெடுத்து எழுதச் சொன்னார். மூன்றையும் நான்தான் எழுதினேன். நான்தான் தபாலில் போட்டேன். பின்னறையில் அந்தப் பெட்டி இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் என் தங்கை இருந்தாள்.

மூன்று இடத்திலிருந்தும் இல்லை என்று பதில் வந்தது. சொல்லாமல் விடக் கூடாது, அவங்க காத்துக்கிட்டிருப்பாங்க என்று அப்பா அரை நாள் விடுப்புப் போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கோர்ட் வாசலுக்குப் போனார். நல்ல வெயில். ஏழு மேசையில் டக டகவென்று சத்தம். கடைசி மேசையில் சத்தமில்லை. மேசை காலியாக இருந்தது, மேலே பேப்பர் பறக்காமல் இருக்க ஒரு கல். அவர் தூரத்திலேயே அப்பாவைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் எழுந்து நின்றார். கிடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, மேசையில் இருந்த கல்லை எடுத்து, பேப்பரை எடுத்து, இயந்திரம் வைக்க இடம் பண்ண ஆரம்பித்தார்.

அக்கா